படகிலிருந்து தண்ணீரில் விழுந்தால்: முட்டுக்காடு முதல் ஊட்டி ஏரி வரை

தண்ணீரில் தவறி விழுந்ததும் நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: கை காலை அடித்துக்கொண்டு படகை நோக்கியோ கரையை நோக்கியோ பாய்கிறார்கள். முதல் ஒரு நிமிடத்துக்கு நீச்சலை மறந்துவிடுங்கள். அந்த நிமிடத்தில் ஒரே வேலை மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான். அதற்கு முகம் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். முகம் மேலே நிற்க லைஃப் ஜாக்கெட் முன்பே உடம்பில் இருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஜாக்கெட்டை விழுந்த பிறகு யாராலும் எடுத்துப் போட முடியாது.

சென்னையிலிருந்து படகேறுபவர்கள் பல வகை. முட்டுக்காடு, முதலியார்குப்பம் படகுக் குழாமில் குடும்பத்தோடு ஏறுபவர்கள், பழவேற்காட்டில் ஏரி பார்க்கப் போகிறவர்கள், கோவளத்தில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டுபவர்கள், காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் மீன் பிடிக்கக் கிளம்புபவர்கள், மே மாதம் வந்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடி அங்கே பெடல் படகில் உட்காருபவர்கள். தண்ணீர் ஒவ்வோர் இடத்திலும் வேறு. விழுந்தால் செய்ய வேண்டியது ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான்.

குளிர் என்ன செய்யும்

சென்னைக் கடலில் குளிரா என்று கேட்கலாம். ஜனவரியில் இங்கே கடல்மட்ட நீரின் வெப்பம் சுமார் 26 டிகிரி, மே மாதத்தில் 29, 30. காலை நனைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நம் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி. அசையாமல் தண்ணீரில் கிடக்கும் ஆள் வெப்பத்தை இழக்காமல் இருக்க அந்தத் தண்ணீர் 33 முதல் 35 டிகிரியாவது இருக்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே 27 டிகிரி கடலில் இரவு முழுக்கக் கிடப்பவருக்கும் நடுக்கம் வரும், கை மரத்துப்போகும், பேச்சு குழறும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. சென்னைக் கடலில் இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். குழந்தைகளும் ஒல்லியானவர்களும் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள்.

ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளின் கதை வேறு. டிசம்பர், ஜனவரி காலையில் அந்தத் தண்ணீரில் கையை வைத்தாலே வெடுக்கென்று எடுத்துவிடுவோம். முழு உடம்பும் அதில் ஒரேயடியாக விழும்போது தோல் திடீரென்று குளிர்ந்து, நாம் கேட்காமலேயே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் 2 லிட்டருக்கு மேல் உள்ளே போகலாம். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் போவது காற்று அல்ல, ஏரித் தண்ணீர். தொடர்ந்து மூச்சு பல மடங்கு வேகமாக இரைக்கும். தரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குபவருக்கும் அங்கே சில விநாடிகளுக்கு மேல் அடக்க முடியாது. ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் எகிறும், இதய நோயாளிகளுக்கு அதுவே ஆபத்து. இந்த அதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். தணியும் என்று தெரிந்திருப்பதே பாதிப் பதற்றத்தைக் குறைக்கும்.

கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ பிள்ளைகளைப் பார்க்கப் போய் அங்கே ஏரியில் படகேறுபவர்கள் இன்னொரு கணக்கையும் மனதில் வைக்கலாம். மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கு அது. பனி உருகிய தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கை காலைப் பயன்படுத்தி ஏதாவது செய்துகொள்ள 10 நிமிடம், குளிரால் நினைவு தவற சுமார் 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடம் முடிந்தால் விரல்கள் கயிற்றைப் பிடிக்காது, பக்கிளைத் திறக்காது. ஜாக்கெட் இல்லாதவர் அந்தக் கட்டத்தில் மூழ்கிவிடுவார். உள்வெப்பம் குறைந்து சாவது அதற்கு வெகுநேரம் கழித்துத்தான்.

ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும்

படகுக் குழாமில் ஒரு ஜாக்கெட்டை நீட்டுவார்கள். வாங்கி அப்படியே தலையில் மாட்டிக்கொள்ளாமல் ஒரு நிமிடம் பாருங்கள். ஜிப் முழுதாக ஏறுகிறதா? பக்கிள் எல்லாம் டக்கென்று பூட்டுகிறதா? பட்டையை வேகமாக இழுத்தால் பக்கிள் வழுக்குகிறதா? தையல் விட்டு உள்ளே இருக்கும் ஃபோம் தெரிகிறதா? ஃபோமை விரலால் அழுத்தினால் திரும்ப எழ வேண்டும். கல்லாக இறுகியிருந்தாலும், பொடிப்பொடியாக நொறுங்கினாலும், நீர் கோத்து கனத்திருந்தாலும் வேறொன்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், கொடுத்துவிடுவார்கள்.

போட்டு எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு, பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் மோவாயைத் தாண்டி மேலேறினால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்ததும் அதுவே முகத்தை மூடும், கையைத் தூக்கினால் தலை வழியே கழன்றும் போகும். சென்னையில் அடிக்கடி காணும் காட்சி: முன்பக்கம் ஒரு பக்கிளை மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டும் தொங்கத் தொங்க செல்ஃபி எடுப்பது. அப்படிப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட் ஒருபோதும் வேண்டாம். எடைக்கு ஏற்ற சைஸ், தலைக்குப் பின்னால் காலர், காலர் மேல் பிடித்துத் தூக்க ஒரு வளையம், தொடைகளுக்கு நடுவே ஓடும் பட்டை: இந்த நாலும் இருக்க வேண்டும். தொடைப்பட்டை இல்லாத ஜாக்கெட்டிலிருந்து சின்னக் குழந்தை கீழே நழுவிவிடும். கைக்குழந்தையைத் தோள்பையில் கட்டிக்கொண்டு அதன் மேல் உங்கள் ஜாக்கெட்டைப் போடாதீர்கள். நீங்கள் குப்புற விழுந்தால் குழந்தை உங்களுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். பொருந்தும் ஜாக்கெட் இல்லையென்றால் குழந்தை கரையில் இருக்கட்டும், பெரியவர்கள் முறை வைத்துப் போய்வரலாம்.

சொந்தமாக வாங்குபவர்கள் ஜாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் எண்ணைப் பார்க்க வேண்டும். 50 நியூட்டன் என்றால் சுமார் 5 கிலோ தாங்கும் மிதப்பு. நீந்தத் தெரிந்தவர் கரையோரம் கயாக் ஓட்ட இது போதும், ஆனால் நினைவிழந்தவரின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பாது. கடலுக்குப் போகிறவருக்குக் குறைந்தது 100, ஆழ்கடலுக்கு 150. நிறமும் முக்கியம். நீலமும் கறுப்பும் கடலில் கரைந்துபோகும். ஆரஞ்சும் மஞ்சளும்தான் தூரத்திலிருந்து கண்ணில் படும். தோளில் ஒரு விசில் கட்டியிருக்கட்டும், உள்ளே பட்டாணி உருளாத பிளாஸ்டிக் விசில். அந்தப் பட்டாணி ஈரத்தில் ஊறினால் விசில் ஊதாது.

பழைய ஃபோம் ஜாக்கெட் இன்னும் மிதக்குமா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். மளிகைக் கடையில் இருக்கும் 5 கிலோ இரும்பு எடைக்கல்லை ஜாக்கெட்டில் கட்டி, மொட்டைமாடித் தொட்டியிலோ டிரம்மிலோ இரவு முழுக்க விடுங்கள். தண்ணீருக்குள் அந்தக் கல்லின் எடை சுமார் 4.4 கிலோதான். நல்ல நிலையில் உள்ள 50 நியூட்டன் ஜாக்கெட் அதைத் தாங்கிக்கொண்டு காலையிலும் மேலே நிற்கும். அடியில் கிடந்தால் அதை வெட்டிப் போட்டுவிடுங்கள். முழுதாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து மறுபடி மாட்டிக்கொள்வார்கள்.

உடை

புடவையும் துப்பட்டாவும் ஆபத்தா என்று பலர் கேட்கிறார்கள். ஈரத் துணி ஆளை அடியில் இழுக்கும் என்பது தவறு. தண்ணீருக்குள் துணியில் இருக்கும் தண்ணீருக்கு எடை இல்லை. வெளியே ஏறும்போதுதான் கனக்கும். உண்மையான சிக்கல் துணி காலில் சுற்றுவதும், இன்ஜின் விசிறியில் சிக்குவதும். ஏறுவதற்கு முன் முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகி, அதன் மேல் ஜாக்கெட்டைப் போடுங்கள். லுங்கி, வேட்டிக்குப் பதில் அரைக்கால் சட்டை நல்லது. விழுந்த பிறகு உடையைக் கழற்ற முயல வேண்டாம். உடம்பை ஒட்டிய தண்ணீர் லேசாகச் சூடேறி, துணிக்குள்ளேயே தங்கி, குளிரைத் தாமதப்படுத்தும். காலைச் சுற்றிய லுங்கியை மட்டும் உதறிவிடலாம்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் காற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் பெரும்பாலும் மேற்கிலிருந்து நிலக்காற்று, அதாவது மேல்காற்று. மதிய வாக்கில் கடற்காற்று உள்ளே வரும். மேல்காற்று வீசும் காலையில் கோவளம் கரையோரம் கடல் தட்டையாக, அலையே இல்லாதது போல் இருக்கும். புதிதாகக் கயாக் ஓட்டுபவர் ஏமாறுவது அங்கேதான். கரைக்கு அருகே காற்று அலையைக் கிளப்பாது, ஆனால் உங்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். போகும்போது சுகம், திரும்பும்போதுதான் தெரியும். சராசரி ஆள் கயாக்கில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவார். எதிர்க்காற்று வலுத்தால் அதில் பாதிகூட வராது. ஆகவே மேல்காற்று அடிக்கும் நாளில் முதலில் சிறிது தூரம் காற்றை எதிர்த்துத் துடுப்பு போட்டுப் பாருங்கள். சிரமமாக இருந்தால் அன்றைக்கு வெளியே போக வேண்டாம்.

கரையோர நீரோட்டமும் பருவத்துக்குப் பருவம் திசை மாறும். தென்மேற்குப் பருவக்காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் இழுக்கும். கவிழ்ந்த படகு எந்தத் திசையில் போகும் என்று கரையில் இருப்பவர் ஊகிக்க இது உதவும். அதோடு குப்பத்து மீனவர் ஒருவரிடம் ‘இன்னைக்குத் தண்ணி எப்படி ஓடுது’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அன்றைய கரைக்கு அவர் சொல்வதுதான் துல்லியம். வானிலை மையம் மீனவர் எச்சரிக்கை விட்டிருந்தாலோ, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தாலோ கேள்வியே இல்லை.

முகத்துவாரங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழவேற்காடு, எண்ணூர், அடையாறு, கோவளம், எங்கேயானாலும் ஏரியோ ஆறோ கடலைச் சந்திக்கும் வாயில் மணல் திட்டு இருக்கும். கடல் ஓதம் வற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் கடலை நோக்கி ஓடும். எதிரே கடலலை வரும். இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழுந்து உடையும். நூறு மீட்டர் உள்ளே தள்ளி நின்றால் அமைதியாகத் தெரியும் அதே தண்ணீர் அங்கே படகைக் குறுக்கே திருப்பிப் போட்டுவிடும். நவம்பர், டிசம்பர் மழையில் மணல் திட்டு உடைந்தால் வெள்ளம் சேர்ந்து வெளியே தள்ளும் வேகம் இன்னும் அதிகம். உல்லாசப் படகில் முகத்துவாரம் வரை போய்வரலாம் என்று படகுக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாரம் ஏறிய படகு எப்படிக் கவிழ்கிறது என்பதை இந்தக் கரையில் படகேறும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நீளம் 6 மீட்டர், அகலம் 2 மீட்டர் உள்ள படகின் அடியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதன் எடை சுமார் 1,200 கிலோ. படகு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்ததும் அத்தனை தண்ணீரும் இடப்பக்கமே ஓடும், சாய்வு கூடும், அடுத்த அலை விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். இதற்கு நடுவே பறவைக் கூட்டத்தைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் முடிந்தது. அதனால் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏறியிருந்தால் இறங்கிவிடுங்கள். உட்கார்ந்தே இருங்கள். காலடியில் தண்ணீர் தேங்கினால் உடனே அள்ளச் சொல்லுங்கள். இடம் மாற வேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராக, குனிந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நடுக்கோட்டை ஒட்டி நகருங்கள். ஊட்டிப் பெடல் படகில் பலர் விழுவதும் எழுந்து நின்று சீட்டு மாறும்போதுதான்.

போனைத் தண்ணீர் புகாத ஜிப் பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அவர் அழைக்க வேண்டிய எண்கள்: கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் 1093, பொது அவசர எண் 112. விஎச்எஃப் ரேடியோ உள்ள படகிலிருந்து உதவி கேட்க சேனல் 16.

விழுந்துவிட்டால்

விழப்போகிறோம் என்று தெரிந்தால், அரை நொடி கிடைத்தாலும் போதும், ஒரு கையால் வாயையும் மூக்கையும் பொத்துங்கள். தலை மேலே வந்ததும் பின்னால் சாய்ந்து மல்லாந்து படுங்கள். காது தண்ணீருக்குள் இருக்கட்டும், வாயும் மூக்கும் வானத்தைப் பார்க்கட்டும். கைகளை விரித்து லேசாக அசையுங்கள். கால் தாழ்ந்தால் தாழட்டும். ஜாக்கெட் இல்லாதவருக்கும் இதேதான். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்வரை உடம்பு மிதக்கும். கையை மேலே தூக்கிக் கத்தினால் அந்தக் கையின் எடை தலையைக் கீழே அமுக்கும். மூச்சை வாயால் மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பது தானாக நடக்கும். அறுபது, எழுபது எண்ணுவதற்குள் இரைப்பு அடங்கும். அதற்குப் பிறகுதான் யோசிப்பது, விசில் ஊதுவது, படகு எங்கே என்று பார்ப்பது.

படகு பக்கத்தில் இருந்தால் அதை நோக்கிப் போகலாம். ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் பின்பக்கத்தை அண்ட வேண்டாம். அலை முகத்தில் அடித்தால் அலைக்கு முதுகைக் காட்டுங்கள். கடல் தண்ணீரை எவ்வளவு தாகமானாலும் குடிக்காதீர்கள்.

முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற கழிமுக நீர்களில் பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். அங்கே விழுந்தவர் செய்யும் தவறு காலை ஊன்றி நிற்பது. அடியில் சேறு, முழங்கால்வரை உள்ளே போகும். இழுக்க இழுக்க இன்னும் இறங்கும், பதற்றத்தில் குப்புற விழுவார். சேற்றின் மேல் ஆளி ஓடுகள் இருந்தால் பாதத்தைக் கிழித்துவிடும். ஆழம் குறைவானாலும் மல்லாந்து மிதந்துகொண்டே கையால் தண்ணீரைத் தள்ளி நகருங்கள். ஏற்கெனவே சிக்கிவிட்டால் பின்னால் சாய்ந்து எடையை முதுகுக்கு மாற்றி, ஒரு காலை மட்டும் முன்னும் பின்னும் அசைத்து மெதுவாக விடுவியுங்கள்.

உதவி வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் சூட்டைச் சேமிக்க வேண்டும். ஜாக்கெட் போட்டிருந்தால் முழங்கால்களை நெஞ்சை நோக்கி மடக்கி, கைகளை மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அக்குள், தொடை இடுக்கு, கழுத்து மூன்றும்தான் அதிகச் சூடு வெளியேறும் வழிகள். பலர் இருந்தால் நெஞ்சோடு நெஞ்சாக வட்டமாகக் கட்டிக்கொண்டு குழந்தைகளை நடுவில் விடுங்கள். கூட்டமாக இருந்தால் தேடுபவர் கண்ணுக்கும் சீக்கிரம் படுவீர்கள். உடம்பைச் சூடாக்கலாம் என்று நீந்தினால் நேர்மாறாக நடக்கும். அசையும் கை காலுக்கு ரத்தம் பாய்ந்து, அந்தச் சூட்டைத் தண்ணீர் வாரிக்கொண்டு போகும்.

கரைக்கு நீந்தலாமா? ஜாக்கெட் இருக்கிறது, கரை நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள், அலையும் நீரோட்டமும் சாதகம் என்றால் யோசிக்கலாம். மற்றபடி வேண்டாம். தண்ணீரில் கிடக்கும் ஒருவரின் கண் கடல்மட்டத்துக்கு ஒரு சாண்கூட மேலே இல்லை. அந்த உயரத்திலிருந்து தூரம் ஒன்றும் பிடிபடாது. இரவில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) விளக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், உண்மையில் மூன்று கிலோமீட்டராக இருக்கும்.

படகோடு கவிழ்ந்தால்

படகை விடாதீர்கள். ஃபைபர் படகு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் முழுதாக மூழ்காது, அடிப்பாகம் மேலே மிதக்கும். ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பவருக்கு மனிதத் தலை ஒரு புள்ளி, படகு ஒரு பொருள். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஏற முடிந்த அளவு அடிப்பாகத்தின் மேல் ஏறுங்கள், உடம்பு எவ்வளவு வெளியே இருக்கிறதோ அவ்வளவு சூடு மிஞ்சும். இரு பக்கமும் சம எடையாக, படகின் குறுக்கே கயிறு போட்டு எதிரெதிரே பிடித்துக்கொண்டால் கை சீக்கிரம் சோராது. 20 லிட்டர் வெள்ளைக் கேன் மிதந்தால் இழுத்துக்கொள்ளுங்கள். மூடி இறுகிய ஒரு காலிக் கேன் நான்கு பேர் தலையைத் தண்ணீருக்கு மேல் வைக்கப் போதும். கேனை எல்லாருமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏறி உட்கார முயலக் கூடாது.

கவிழும்போது படகுக்கு அடியில் மாட்டினால் இருட்டாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு காற்றறை மிஞ்சும். அங்கே இரண்டு மூச்சு விடுங்கள், ஒரு கையால் விளிம்பைத் தேடிப் பிடியுங்கள், அதைப் பிடித்து உங்களைக் கீழே தள்ளி வெளியே வாருங்கள். ஜாக்கெட் உங்களை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும், அதனால் விளிம்பைப் பிடிக்காமல் முயன்றால் வெளியே வர முடியாது.

கயாக்கில் திரும்ப ஏறுவது பழக்கம் இல்லாமல் வராது. முட்டுக்காடு போன்ற அமைதி நீரில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே விழுந்து பழகுங்கள். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, பக்கவாட்டில் நடுவில் நின்று, இரு கைகளையும் குறுக்கே போடுங்கள். கால்களைப் பின்னால் நீட்டித் தண்ணீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வேகமாக உதைத்துக்கொண்டே வயிறு கயாக்கின் மேல் வரும்வரை இழுங்கள். அப்படியே குப்புறப் படுத்து, புரண்டு, உட்காரும் இடத்தில் இடுப்பைப் பொருத்தி, கடைசியில் காலை உள்ளே எடுங்கள். பலர் தோற்பது கால் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மேலே இழுப்பதால்தான். அப்போது கால் கயாக்குக்கு அடியில் போய்விடும், படகு உங்கள் மேலேயே கவிழும்.

படகில் இருப்பவர்களின் வேலை

ஆள் விழுந்ததும் ஒருவர் உரக்கக் கத்தி, விழுந்த இடத்தை நோக்கிக் கையை நீட்டி, கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகு 40 விநாடியில் நூறு மீட்டரைத் தாண்டிவிடும், அலைக்கு நடுவே தலை மறைந்துவிடும். கிடைத்ததை எல்லாம் எறியுங்கள்: மிதவை, கேன், மீன் போடும் தெர்மாகோல் பெட்டி. ஜிபிஎஸ் இருந்தால் இடத்தைக் குறியுங்கள். அவர் விழுந்த பக்கம் நோக்கியே படகைத் திருப்பினால் பின்பக்கமும் விசிறியும் அவரை விட்டு விலகும். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில், இழுபட்டால் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிறு இருந்தால் ஓட்டுபவரின் கையில் மாட்டியிருக்க வேண்டும். ஓட்டுபவரே விழுந்தால் இன்ஜின் தானாக நிற்க அது ஒன்றுதான் வழி. நீண்ட தண்டின் நுனியில் விசிறி உள்ள லாங் டெயில் இன்ஜின்களில் பெரும்பாலும் அது கிடையாது, அதனால் அவற்றில் இரண்டாவதாக ஓட்டத் தெரிந்த ஒருவர் இல்லாமல் கிளம்பக் கூடாது.

காற்றை எதிர்த்து மெதுவாக வந்து, அவருக்குப் பக்கத்தில் இன்ஜினை நிறுத்துங்கள். நியூட்ரலில் வைத்தால் போதாது, அணைக்க வேண்டும்.

எறிகயிறு 15 முதல் 20 மீட்டர், மஞ்சள் பாலிப்ரொப்பிலீன் கயிறாக இருக்கட்டும். அது மிதக்கும், நைலான் மூழ்கி விசிறியில் சுற்றும். நுனியில் 5 லிட்டர் கேனைக் கட்டி, அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினால் காற்றில் பறக்காமல் போகும் இடத்துக்குப் போகும். ஆள் மேல் எறியாமல் அவருக்கு அப்பால் எறிந்து, கயிற்றை அவர் மேல் படும்படி இழுங்கள். காப்பாற்றுகிறேன் என்று ஜாக்கெட் இல்லாமல் குதிப்பவர் இரண்டாவதாக மூழ்குவார்.

தூக்குவதுதான் கடினம். நனைந்த ஆளை விளிம்புக்கு மேல் இரண்டு பேரால்கூடத் தூக்க முடியாமல் போகும். எல்லாரும் ஒரே பக்கம் குனிந்தால் படகே சாயும். ஒரு கயிற்றின் இரு முனைகளையும் படகில் கட்டி, வளையம் தண்ணீருக்குள் இரண்டடி தொங்கும்படி விட்டால் அவர் அதில் கால் வைத்து ஏறலாம். ஏறத் தெம்பில்லாதவருக்கு மீன்வலையே போதும். வலையின் ஒரு பக்கத்தைப் படகின் விளிம்பில் கட்டி, மறுபக்கத்தைத் தண்ணீரில் தொங்கவிட்டு, அவரை வலைக்குள் நீளவாக்கில் கொண்டுவந்து, மறுபக்கத்தை மேலே இழுத்தால் அவர் உருண்டு உள்ளே வருவார். பாதி எடைதான் கையில் தெரியும். இதில் இன்னொரு நன்மை, அவர் படுத்தபடியே வருகிறார். வெகுநேரம் குளிர் நீரில் கிடந்தவரைச் செங்குத்தாகத் தூக்கினால் ரத்தம் காலுக்கு இறங்கி, ரத்த அழுத்தம் சரிந்து, படகில் ஏறிய நிமிடத்திலேயே மயங்கி விழலாம்.

ஏற்றிய பிறகு

மூச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாய்வழியே முதலில் 5 முறை மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். அழுத்தம் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது, தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது எல்லாம் நம் கரைகளில் இன்னும் நடக்கிறது. வயிற்றிலிருந்து வரும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் அதன் பலன். குளிரால் உறைந்து கிடப்பவருக்கு நாடி மிக மெதுவாக இருக்கலாம். மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

நினைவோடு நடுங்குபவரின் ஈர உடையைக் கழற்றி, துடைத்து, உலர்ந்த போர்வையில் சுற்றி, அதற்கு மேல் தார்பாயோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டுக் காற்றை மறையுங்கள். படகில் அடிக்கும் காற்றும் ஈர உடம்பின் சூட்டைப் பறித்துக்கொண்டே இருக்கும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் நெஞ்சிலும் வையுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம், அங்கே உள்ள குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். நன்றாகப் பேசுகிறார், விழுங்குகிறார் என்றால் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுக்கலாம். பிராந்தி, ரம் கூடாது. சூடாவது போல் தோன்றினாலும் தோலின் ரத்தக்குழாய் விரிந்து உள்சூடு வெளியேறும். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கம் தூக்கமாக வருகிறது என்றால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை முற்றுகிறது.

தண்ணீர் உள்ளே போய் இருமியவர் நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் மருத்துவமனையில் 6 முதல் 8 மணி நேரம் பார்வையில் இருக்கட்டும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

வீடு திரும்பியதும் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் துணியும் பட்டையும் ஒரே கோடையில் இற்றுவிடும். காற்றடைக்கும் வகை என்றால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைக் கழற்றி எடை பாருங்கள். அதன் மேல் அச்சிட்ட எடையிலிருந்து 2 கிராம் குறைந்தாலும், நுனியில் துரு தெரிந்தாலும் மாற்றுங்கள். சென்னை உப்புக்காற்றில் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது போதாது, சீசனுக்கு இருமுறை பாருங்கள்.